அட்டகதை என்றால் எட்டுக் கதையா? பௌத்த உரைநூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி, பௌத்த நூல்களை உரையோடு சேர்த்து வாசித்து வருகிறோம். புதிதாக வருபவர்களும் வழியில் மறித்து விசாரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை எனக்கு மிகவும் பிடித்த இடங்கள்.

அட்டகதை என்றால் எட்டுக் கதையா?

இல்லை. பாளியில் 'அட்ட' என்பதற்கு எட்டு என்ற பொருளும் உண்டு, அதனால் வந்த குழப்பம் இது. இங்கே அது வடமொழி 'அர்த்த' என்ற சொல்லின் பாளி வடிவம். 'கதா' என்றால் பேச்சு. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். நாங்கள் 'கதைக்கிறோம்' என்றால் பேசுகிறோம் என்றுதானே பொருள்? அட்டகதை என்பது பொருளைக் கதைத்தல்.

விநயம் (துறவியருக்கான விதிகள்), சுத்தம் (பாளியில் 'சுத்த', புத்தரின் போதனைகள்), அபிதம்மம் (அந்தப் போதனைகளின் நுண்ணாய்வு) என்று மூன்று பிடகங்களாக, அதாவது தொகுதிகளாக, உள்ள மூலத்துக்கு எழுந்த உரை அட்டகதை. அந்த உரைக்கு எழுந்த உரை டீகா. டீகாவுக்கும் உரை எழுதியிருக்கிறார்கள்.

புத்தர் சொன்னதை நேரே வாசித்தால் போதாதா? நடுவில் உரைகாரர் எதற்கு?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் கேட்கும்போது எனக்குக் கோயிலில் நடக்கும் புராணப்படிப்புத்தான் நினைவுக்கு வரும். ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்லுவார். சின்ன வயதில் நான் அம்மம்மாவின் மடியில் தலை வைத்துக் கேட்டது பெரும்பாலும் பயனைத்தான். பாட்டு தலைக்கு மேலால் போய்விடும். அம்மம்மாவுக்குப் பாட்டும் பயனும் சேர்ந்ததுதான் புராணம். பயனை விட்டுவிட்டு வாசியுங்கள் என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

பௌத்தத்தில் உரை பிற்காலத்தில் வெளியில் இருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று அல்ல, மூலத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது. சுத்த பிடகத்தின் ஒரு தொகுப்பான மச்சிம நிகாயத்தில் 'தேனுருண்டைச் சுத்தம்' என்று ஒன்று இருக்கிறது. புத்தர் இரண்டொரு வாக்கியத்தில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறார். பிக்குகளுக்கு விளங்கவில்லை. மகாகச்சானர் என்ற மூத்த சீடரிடம் போகிறார்கள். அவர் முதலில் கடிந்துகொள்கிறார்: மரத்தின் வைரம் தேடி வந்தவன், அடிமரத்தை விட்டுவிட்டுக் கொப்பிலும் இலையிலும் தேடுவதுபோல, புத்தரை விட்டுவிட்டு என்னிடம் வந்தீர்களே என்று. பிறகு ஒவ்வொரு படியாக விரித்துச் சொல்கிறார்: கண்ணும் உருவமும் சேர அறிவு எழுகிறது, மூன்றும் கூடினால் தொடுகை, தொடுகையில் இருந்து உணர்வு, உணர்ந்ததை அடையாளம் காண்கிறோம், அடையாளம் கண்டதை எண்ணுகிறோம், எண்ணியதை மனம் பெருக்கிக்கொண்டே போகிறது. பிக்குகள் இதைப் புத்தரிடம் போய்ச் சொல்ல, என்னைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்கிறார் அவர்.

அதோடு, சுத்தநிபாதம் என்ற மூலநூலின் சில பகுதிகளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் 'நித்தேசம்' பிடகத்துக்குள்ளேயே ஒரு நூலாக இடம்பெற்றிருக்கிறது. உரையை நீக்கி மூலத்தை எடுக்க நினைத்தால் மூலத்திலும் ஒரு பகுதி கையோடு வந்துவிடும்.

ஓர் உரைகாரர் உண்மையில் என்ன செய்கிறார்? ஒரு இடத்தைக் காட்ட முடியுமா?

காட்டுகிறேன். சுத்த பிடகத்தின் இன்னொரு தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் ஒருவர் புத்தரிடம் கேட்கிறார்: "உள்ளே சடை, வெளியே சடை, உயிர்களெல்லாம் சடையில் சிக்கிக் கிடக்கின்றன. கோதமரே, இந்தச் சடையை அவிழ்ப்பவர் யார்?" பாளியிலும் சொல் 'ஜடா'தான், எங்கள் சடையேதான். புத்தர் பதில் சொல்கிறார்: ஒழுக்கத்தில் நிலைத்து நிற்கும் அறிவுள்ளவன், மனத்தையும் ஞானத்தையும் வளர்த்து, ஊக்கத்தோடும் விவேகத்தோடும் இந்தச் சடையை அவிழ்ப்பான்.

நாலடிப் பாட்டு, முடிந்துவிட்டது. ஆனால் 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இந்தப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு 23 அத்தியாயங்களில் 'விசுத்திமக்கம்' என்ற பெருநூலை எழுதினார். தொடக்கத்திலேயே ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்க்கிறார். சடை என்றால் என்ன? வேட்கை. ஏன் சடை? மூங்கில் பற்றையில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுபோல, வேட்கை மேலும் கீழுமாக மறுபடி மறுபடி எழுந்து பின்னுகிறது. உள்ளே, வெளியே என்றால்? தன் பொருளில், பிறர் பொருளில். தன் உடலில், பிறர் உடலில். உள்ளிருக்கும் புலன்களில், வெளியிருக்கும் புலப்பொருள்களில்.

அடுத்து வருவது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம். இந்தச் சின்னப் பதிலில் அறிவு மூன்று தரம் வருகிறது என்கிறார். 'அறிவுள்ளவன்' என்பது பிறப்போடு வந்த அறிவு. 'ஞானத்தை வளர்த்து' என்பது பயிற்சியில் வரும் ஊடுருவும் அறிவு. 'விவேகம்' என்பது எந்த வேலையையும் நடத்திச் செல்லும் அறிவு. நான் பல தரம் வாசித்தும் ஒன்றாகவே எடுத்துக்கொண்ட மூன்று சொற்கள் இவை.

பிறகு எல்லாவற்றையும் ஒரே காட்சியில் கட்டுகிறார். ஒருவன் நிலத்தில் காலூன்றி நின்று, கூர்தீட்டிய ஆயுதத்தைத் தூக்கி, பெரிய மூங்கில் பற்றையை வெட்டித் திறக்கிறான். நிலம் ஒழுக்கம். சாணைக்கல் மன ஒருமை. அதில் தீட்டிய ஆயுதம் ஊடுருவும் ஞானம். பிடித்திருக்கும் கை விவேகம். கையைத் தூக்க வைக்கும் பலம் ஊக்கம். பாட்டில் இருந்த ஒரு சொல்கூட மிஞ்சவில்லை, எல்லாம் அந்த மனிதனின் உடம்பிலும் கையிலும் போய் உட்கார்ந்துவிட்டன. எங்கள் வட்டத்தில் இதை வாசித்த அன்று, வளவு துப்புரவாக்கிப் பழக்கமுள்ள ஒரு ஐயா, "கொடுவாக்கத்தி கூராக இருந்தாலும் நிற்கிற இடம் சறுக்கினால் வெட்ட ஏலாது" என்றார். ஒழுக்கத்தை ஏன் முதலில் வைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பயன் நான் கேட்கவில்லை.

புத்தகோசர் எந்த ஊரவர்? என்ன செய்தார்?

அவர் புத்தகயைக்கு அருகில் பிறந்தவர் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சிப் பகுதி சொல்கிறது. மகாநாம மன்னன் காலத்தில் அனுராதபுரத்து மகாவிகாரைக்கு வந்தார். அங்கே பழைய உரைகள் சிங்களத்தில் இருந்தன. தீவுக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கும்படி அவற்றைப் பாளியில் ஆக்க அனுமதி கேட்டார். சங்கத்தார் தகுதி பார்க்கக் கொடுத்த பாட்டுத்தான் மேலே சொன்ன சடைப் பாட்டு. எழுதி முடித்த நூலைத் தேவர்கள் ஒளித்துவைத்தார்கள், திரும்ப எழுதினார், அதையும் ஒளித்தார்கள், மூன்றாம் தரமும் எழுதினார், மூன்று பிரதிகளையும் ஒப்பிட்டால் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்று கதை சொல்வார்கள்.

அவர் பாளியில் ஆக்கிய பின் பழைய சிங்கள உரைகள் மெல்ல மறைந்துபோயின. அவற்றைக் குவித்து எரித்தார்கள், குவியல் ஏழு யானை உயரம் இருந்தது என்று பிற்காலக் கதை ஒன்று உண்டு. கதைதான். ஆனாலும் 1981இல் எங்கள் நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு அந்த வரியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

இதில் தமிழருக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு. பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு மனவருத்தம்.

முதலில் புத்ததத்தர். உறையூர்க்காரர். இலங்கைக்கு வந்து படித்துவிட்டுத் திரும்பும்போது, எதிரே வந்த கப்பலில் புத்தகோசரைக் கடல் நடுவில் சந்தித்தார் என்று மரபு சொல்கிறது. எனக்கு வயதாகிவிட்டது, நீங்கள் உரைகளை எழுதி எனக்கு அனுப்புங்கள், நான் சுருக்கித் தருகிறேன் என்று சொன்னாராம். சந்திப்பு நடந்ததோ இல்லையோ, புத்ததத்தரின் அபிதம்மாவதாரமும் விநயவினிச்சயமும் அப்படிப்பட்ட சுருக்க நூல்கள்தான். காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்த விகாரைகளில் தங்கி எழுதினார்.

புத்தகோசரே காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரரோடு (மூத்த பிக்குவோடு) தங்கியிருந்ததைத் தன் உரையொன்றின் முடிவில் குறிப்பிடுகிறார்.

அடுத்தவர் தம்மபாலர். தேரர், தேரியர் (மூத்த பிக்குணிகள்) பாடல்கள் உட்படப் புத்தகோசர் தொடாமல் விட்ட நூல்கள் பலவற்றுக்கு உரை கண்டவர். நெத்திப்பகரணம் என்ற நூலுக்கான உரையை நாகபட்டினத்தில், தர்மாசோக மகாராஜ விகாரையில் இருந்து எழுதினேன் என்று அதன் முடிவில் சொல்கிறார். இப்போது காங்கேசன்துறையில் இருந்து கப்பல் போகிறதே, அதே நாகபட்டினம்.

பிறகு சோழநாட்டுக் கஸ்ஸபர். விநய உரைக்கு இவர் எழுதிய 'விமதிவினோதனி' என்ற டீகாவில், முன்பு தமிழ்நாட்டில் நாகசேனர் என்ற மாற்றுக் கொள்கைத் தேரர் ஒருவர் பிற சமயத்தாரை மறுக்கக் குண்டலகேசி கதையைத் தமிழ்க் காவியமாகச் செய்தார் என்று ஒரு குறிப்பு வருகிறது. எங்கள் மரபு குண்டலகேசியை நாதகுத்தனார் செய்தார் என்கிறது. பெயர் ஒத்துவராவிட்டாலும், ஒரு பாளி உரைநூலுக்குள் தமிழ்க் காப்பியம் ஒன்று இப்படித் தலைகாட்டுவது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் காப்பியத்தின் கதை, கள்ளனான கணவனை மலையில் இருந்து தள்ளிவிட்ட பத்தா குண்டலகேசியின் கதை, அட்டகதைகளில் விரிவாகச் சொல்லப்படும் கதை. காப்பியம் அழிந்துவிட்டது. இன்று கையில் இருக்கும் சில பாடல்களும் பிற நூல்களின் உரைகளிலும் திரட்டுகளிலும் மேற்கோளாக ஒட்டியிருந்து தப்பியவை. நீலகேசி என்ற சமண நூல் குண்டலகேசியை மறுக்க எழுந்தது. எதிராளியின் பாட்டை உரையில் எடுத்துக்காட்டியதால் பாட்டு பிழைத்தது.

சரி, யாழ்ப்பாணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கந்தரோடையில் நெருங்கி நிற்கும் சிறு தூபிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தில் (எங்கள் பகுதியின் பழைய பெயர்) ஒரு விகாரை கட்டப்பட்டதைச் சொல்கிறது. மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதுபவர்கள் பலர்; ஒரு பீடத்துக்காக இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டதும் புத்தர் வந்து தீர்த்ததும் மணிமேகலையிலும் இருக்கிறது, மகாவம்சத்திலும் இருக்கிறது. பௌத்தம் என்றதும் இன்று இங்கே பலருக்கு மனம் சுருங்குகிறது. அதன் காரணங்கள் எனக்கும் தெரியும், நானும் இங்கேதான் வாழ்கிறேன். அதற்காக எங்கள் முன்னோர் படித்ததையும் எழுதியதையும் நாங்களே கைவிட்டுவிடத் தேவையில்லை.

இன்னொரு தொடர்பு அச்சில் இருக்கிறது. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் செய்த தமிழ் இலக்கணம். அதற்குப் பெருந்தேவனார் எழுதிய உரையில் மேற்கோளாக வரும் பௌத்தப் பாடல்கள் பல வேறெங்கும் கிடைக்காதவை. அந்த நூலை 1881இல் உரையோடு பதிப்பித்தவர் சிறுப்பிட்டியில் பிறந்த சைவர், சி. வை. தாமோதரம்பிள்ளை. அதே 1881இல்தான், முன்பு இலங்கையில் அரச அதிகாரியாக இருந்த ரைஸ் டேவிட்ஸ் இலண்டனில் பாளி நூற் சங்கத்தைத் தொடங்கினார். பாளி உரைகள் அச்சேறத் தொடங்கிய அதே காலத்தில் தமிழ்ப் பௌத்தத்தின் மிச்சத்தை ஒரு யாழ்ப்பாணத்தவர் ஏட்டில் இருந்து எடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

புத்தர் கடைசியாகச் சாப்பிட்டது பன்றி இறைச்சியா?

மச்சம், மரக்கறி பற்றிய கதை வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கொல்லன் சுந்தன் பரிமாறியது 'சூகரமத்தவம்' என்கிறது மூலம். சூகரம் என்றால் பன்றி, மத்தவம் என்றால் மென்மையானது. அவ்வளவுதான் சொல். தம்மபாலர் தன் உரையில் நாலு விளக்கம் தருகிறார்: பழைய மகா அட்டகதை மென்மையான பன்றி இறைச்சி என்கிறது, சிலர் பன்றி மிதித்த மூங்கில் முளை என்கிறார்கள், சிலர் பன்றி மிதித்த இடத்தில் முளைத்த காளான் என்கிறார்கள், சிலர் ஒருவகை ரசாயன மருந்து என்கிறார்கள். தனக்கு முந்தியவர்களின் கருத்து வேறுபாட்டை மறைக்காமல் வரிசையாக வைத்துவிட்டுப் போகும் இந்த நேர்மைக்காகவே நான் உரைகளை விரும்பி வாசிக்கிறேன்.

உரைகாரர் தன் விருப்பப்படி பொருள் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அதற்குக் கடைசி இடம்தான். விநய அட்டகதை நாலு படி வைக்கிறது. முதலில் சுத்தம், அதாவது மூலம். அடுத்தது மூலத்தோடு ஒத்துப்போகும் முடிவு. மூன்றாவது ஆசிரியர் வழக்கு. அட்டகதைகள் வருவது இங்கேதான். நாலாவது 'அத்தனோமதி', சொந்தக் கருத்து. கீழே உள்ளது மேலே உள்ளதோடு முரண்பட்டால் கீழே உள்ளதை விட வேண்டும். தன் நூல் மூன்றாம் படியில்தான் நிற்கிறது என்று உரைகாரர் தானே எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாச் சொல்லுக்கும் இலக்கணம் சொல்லி அலுப்புத் தட்ட வைக்கிறார்களே?

எனக்கும் முதலில் அலுத்தது. ஒவ்வொரு மனநிலைக்கும் நாலு கேள்வி: அதன் இயல்பு என்ன, அது செய்யும் வேலை என்ன, எப்படித் தோன்றும், கிட்டிய காரணம் எது? 'ஸதி' என்ற சொல்லை எடுங்கள். விழிப்பு, கவனம், நினைவு என்று பலரும் பலவிதமாகத் தமிழ்ப்படுத்துகிறார்கள். விசுத்திமக்கம் சொல்கிறது: மிதந்து போகாமை அதன் இயல்பு, மறவாமை அதன் வேலை, காவலாகத் தோன்றும், உறுதியான அடையாளங்காணல் அதன் காரணம். 'மிதந்து போகாமை' என்றால்? டீகா விளக்குகிறது: சுரைக்காய் தண்ணீரில் மேலே மேலே மிதந்து ஆடுவதுபோல் இல்லாமல், பொருளில் இறங்கி நிற்பது. கிணற்றில் சுரைக்குடுவையைப் போட்டுப் பார்த்தவருக்கு இந்த ஒரு வரி போதும். மூலத்துக்கு அட்டகதை, அட்டகதைக்கு டீகா என்ற அடுக்கு எதற்கு என்றும் இந்தச் சுரைக்காயில் தெரியும்.

கடுகு கேட்டுப் போன கிசாகோதமி கதை பிடகத்தில் எங்கே இருக்கிறது?

பிடகத்தில் இல்லை, உரையில் இருக்கிறது. கிசாகோதமி பாடிய பாடல்கள் தேரிகாதையில் உள்ளன. செத்த பிள்ளைக்கு மருந்து கேட்டு வந்தவளை, சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வரும்படி புத்தர் சொன்ன கதை அட்டகதையில் வருவது. புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளும் அப்படியே: பாட்டு மூலம், கதை உரை.

மகாயான மரபிலும் இப்படித்தானா?

அங்கே உரைதான் சண்டைக்களம். நாகார்ஜுனர் என்ற தத்துவ அறிஞரின் சுருக்கமான காரிகைகளுக்குப் (பாட்டுகளுக்குப்) புத்தபாலிதர் ஓர் உரை எழுதினார். அவர் வாதிக்கும் முறை போதாது என்று பாவவிவேகர் தன் உரையில் குறை சொன்னார். சந்திரகீர்த்தி தன் உரையில் புத்தபாலிதருக்காக எழுந்து நின்றார். திபெத்தில் இந்த உரைச் சண்டையே இரண்டு கட்சிகளாகப் பிரித்துப் படிக்கப்படுகிறது. காஞ்சிப் பக்கத்தில் பிறந்த திக்நாகரின் அளவை (தருக்க) நூலுக்கு விளக்கம் போல எழுந்த தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம், மூலத்தையே பின்னுக்குத் தள்ளிப் பெரிய நூலாகிவிட்டது. உரை என்ற பெயரில் புதிய தத்துவம் செய்வது இந்த மரபின் வழக்கம்.

சைவர்கள் நாங்கள் இதை வாசிப்பதில் பிழை உண்டா?

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்று பௌத்தரின் நாலு பிரிவையும் அவரவர் கொள்கையோடு எடுத்துவைத்த பிறகுதான் மறுப்பு வருகிறது. அதைப் பாடம் கேட்ட எங்கள் பண்டிதர்கள் எல்லோரும் பௌத்தமும் படித்தவர்கள்தான்.

உரை சொல்வதை அப்படியே நம்பலாமா?

நம்புவது, நம்பாதது என்று எடுக்காமல், இரண்டு குரலாகக் கேளுங்கள் என்பேன். மூலத்துக்கும் புத்தகோசருக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் உண்டு. அவர் மகாவிகாரையின் ஆள், அதற்குப் போட்டியாக அனுராதபுரத்தில் இருந்த அபயகிரி விகாரைக்காரரின் பக்கத்தை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அபிதம்மத்தில் பிறகு முதிர்ந்த கருத்துகளைப் பழைய சுத்தத்தில் ஏற்றிச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. இன்னொரு பக்கம், ஸதிபட்டானச் சுத்தத்தில் 'ஏகாயனம்' என்ற ஒரே சொல்லுக்கு ஒற்றைப் பாதை, தனியாக நடக்கும் பாதை, ஒப்பற்ற ஒருவரின் பாதை, ஓரிடத்துக்கே போகும் பாதை என்று வரிசையாகப் பொருள் தருவதும் அதே உரைதான். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறுப்பவர்களைவிட இவர்களிடம் திறந்த மனம் இருந்தது.

எங்கிருந்து தொடங்கலாம்?

தம்மபதத்தின் முதல் பாட்டு. மனமே எல்லாவற்றுக்கும் முன்னே போகிறது, கெட்ட மனத்தோடு செய்தால் வண்டி மாட்டின் காலடியைச் சக்கரம் தொடர்வதுபோலத் துன்பம் தொடரும் என்பது பாட்டு. அட்டகதை இதற்குச் சக்குபாலர் என்ற கண்தெரியாத தேரரின் கதையைச் சொல்கிறது. மழை பெய்த இரவில் நடக்கும்போது அவர் காலடியில் பூச்சிகள் செத்துப்போகின்றன. பிக்குகள் முறையிடுகிறார்கள். அவர் கொன்றதை நீங்கள் கண்டீர்களா என்கிறார் புத்தர். இல்லை. அப்படியே அவரும் பூச்சிகளைக் காணவில்லை, கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை. பிறகு, அவர் கண் ஏன் போனது என்று கேட்கிறார்கள். முற்பிறப்பில் அவர் ஒரு வைத்தியர். தன்னை ஏமாற்ற நினைத்த பெண்ணொருத்திக்கு வேண்டுமென்றே கண்ணைக் கெடுக்கும் மருந்தைக் கொடுத்தவர். எண்ணம் இல்லாத கொலை ஒரு பக்கம், எண்ணத்தோடு கொடுத்த மருந்து மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாட்டை வைத்து வாசியுங்கள்.

கொப்பியின் இடப்பக்கத்தில் பாட்டை மட்டும் எழுதி, உங்களுக்குப் பட்ட பொருளையும் கீழே எழுதுங்கள். உரையை அதன் பிறகு வலப்பக்கத்தில் எழுதுங்கள். வருகிற ஞாயிறு இந்தப் பாட்டைத்தான் திரும்ப எடுக்கிறோம். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வந்தால் போதும்.